பதிவேட்டில் இல்லாத பதினொரு மேடுகள்

சாலை சமமாக இருக்க வேண்டும் என்பதில் அரசாங்கத்துக்கு இரண்டு கருத்து கிடையாது. சமமாக இல்லாத இடங்களைக் கண்காணிக்க சங்கரன்கோவிலில் ஓர் அலுவலகமும், அந்த அலுவலகத்தில் பத்துப் பேரும், அந்தப் பத்துப் பேருக்கு எட்டு நாற்காலியும் இருந்தன. ‘வேகத்தடைகள் மற்றும் இதர சாலை உயர்வுகள் கண்காணிப்புப் பிரிவு’ என்று பெயர். ஒரு புரோட்டாக் கடைக்கு மேலே மாடியில் நடந்தது. சாயங்காலம் நாலு மணிக்கு மேல் எந்தக் கோப்பைத் திறந்தாலும் சால்னா வாசனை அடிக்கும்.

அங்கே உதவியாளராக இருந்தவர் கோமதிசங்கர். இருபத்தெட்டு வருட சர்வீஸ். ஓய்வுக்கு இன்னும் இரண்டே வருடம். வருடத்துக்கு ஒருமுறை தனக்கு ஒதுக்கப்பட்ட தெருக்களில் நடந்து போய், எங்கெங்கே வேகத்தடை இருக்கிறது, உயரம் எத்தனை அங்குலம், அனுமதி பெற்றதா என்று பதிவேட்டில் ஏற்றுவது அவர் வேலை. நிர்வாக வசதியை முன்னிட்டு அவர் குடியிருந்த தெருவும் அவருக்கே ஒதுக்கப்பட்டிருந்தது.

அந்தத் தெருவில் பதினொரு வீடு. மேடும் பதினொன்று.

முதல் மேட்டைப் போட்டவர் பெருமாள்சாமி. வீட்டுக்கு மாடி எடுத்தபோது கலவை கொஞ்சம் மிஞ்சியது. மிஞ்சியதை வாசலுக்கு நேரே ரோட்டில் கொட்டி, கரண்டியால் தேய்த்து விட்டார். அன்றிலிருந்து அந்த வீட்டைக் கடக்கிற எவனும் வேகத்தைக் குறைத்து, தலையைத் தாழ்த்திப் போக வேண்டியதாயிற்று. எதிர்வீட்டுக்காரருக்கு அது பொறுக்கவில்லை. அவரும் ஒன்று போட்டார், அரை அங்குலம் கூடுதலாக. மூன்றே வருடத்தில், வாசலில் மேடு இல்லாத வீட்டில் பெண் கொடுக்கலாமா என்று யோசிக்கிற அளவுக்குத் தெரு முன்னேறி விட்டது. தெருவின் கடைசி வீடு கோமதிசங்கருடையது. அதற்கப்பால் பழைய பஞ்சுக் கிட்டங்கி; அந்தக் குடோனின் சுவரோடு தெரு முடிந்தது. மேடுகளுக்கென்றே உள்ள அலுவலகத்தில் வேலை பார்க்கிறவர் வீட்டு மேடு மற்றவர்களுடையதை விடத் தாழ்ந்து இருந்தால் அலுவலகத்துக்கே மரியாதை இல்லை. ஒன்பது அங்குலம் போட்டார்.

இதையெல்லாம் பதிவேட்டில் ஏற்றுவதென்றால் ஒவ்வொன்றையும் டேப் வைத்து அளந்து, படம் வரைந்து, மூன்று நகல் எடுக்க வேண்டும். தீபாவளிக்கு வருகிற அல்வா பொட்டலங்களும் நின்று போகும். எனவே அவர் வருடா வருடம் எழுதியது ஒரே வரி: ‘நேரில் ஆய்வு செய்யப்பட்டது. இத்தெருவில் உயர்வு எதுவும் காணப்படவில்லை.’ பதினொரு வருடம், பதினொரு கையெழுத்து.

இப்படி அமைதியாகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் மகள் தேன்மொழிக்கு வரன் அமைந்தது. தேன்மொழி தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். மாப்பிள்ளை வீடு வாசுதேவநல்லூர். மாப்பிள்ளையின் அப்பா சண்முகையாவுக்குக் குளத்துப் பாசனத்தில் நாலு ஏக்கர் நஞ்சை. நிச்சயதாம்பூலத்துக்கு வந்தவர் வெற்றிலையை மென்றுகொண்டே கோமதிசங்கரின் காரைச் சுற்றி வந்தார். ஒரு லட்சத்து நாற்பதாயிரத்துக்கு வாங்கிய பழைய வண்டி, வெள்ளி நிறம்.

“என்ன சம்பந்தி, வண்டி மொட்டையா நிக்கி?” என்றார்.

“மொட்டையாவா?”

“பாடி கிட்டு கிட்டு ஒண்ணும் மாட்டலியே. இப்போ எங்க ஊர்ல சாணி அள்ளுத வண்டி தவிர எல்லாத்துலயும் மாட்டியாச்சு. பொண்ணு அழைச்சிட்டு வாறது இந்த வண்டியிலதான?”

அன்று ராத்திரி கோமதிசங்கருக்குத் தூக்கமில்லை. பதிமூன்று வருடம் உழைத்த வண்டி திடீரென்று வேட்டி இல்லாமல் நிற்பது மாதிரி அவருக்குத் தோன்றியது. விடிந்ததும் முதல் வேலையாக ரிஸ்வான் அகமதின் பட்டறைக்குப் போனார்.

ரிஸ்வான் பேசுவதில் ஒளிவுமறைவு கிடையாது. எல்லாவற்றையும் சொல்லி விடுவான், ஒவ்வொன்றாக.

“கிட்டு பதினெட்டாயிரம் அண்ணாச்சி. முன்னால பம்பருக்குக் கீழ லிப்பு, ரெண்டு பக்கமும் கதவுக்குக் கீழ தொங்குத ஸ்கர்ட்டு, பின்னால ரெக்கை மாதிரி ஸ்பாய்லர்.”

“மாட்டுறதோட சேத்துதான?”

“மாட்டுறது ஏழாயிரம்.”

“வாங்குன சாமானை மாட்டித் தரமாட்டியாப்பா?”

“மாட்டித் தாரேன் அண்ணாச்சி. ஏழாயிரம்.”

மாட்டாத கிட்டை வீட்டில் வைத்து என்ன செய்வது என்று கோமதிசங்கர் சம்மதித்தார். கிட்டு வந்தது. அட்டைப்பெட்டியைப் பிரித்தால் கரிச்சட்டி மாதிரி கன்னங்கரேல் என்று இருந்தது.

“கருப்பால்லா இருக்கு.”

“எல்லாம் பிறக்கும்போது இப்படித்தான் அண்ணாச்சி. பட்டி வைச்சு, தேய்ச்சு, பிரைமர் அடிச்சு, கலர் குடுத்து, மேல கிளியர் அடிக்கணும். நாலு பீஸுக்கும் பதினாறாயிரம்.”

கம்பெனிக்காரனின் கலர் புத்தகத்தில் உள்ள நம்பர்படி ரிஸ்வான் அதே வெள்ளி நிறத்தைக் கலக்கி அடித்தான். மாட்டியும் விட்டான். தள்ளி நின்று பார்த்தபோது கிட்டு வெள்ளியாக ஜொலித்தது. வண்டி அடுப்புச் சாம்பல் நிறத்தில் இருந்தது.

“கலர் சேரலியே ரிஸ்வானு.”

“கிட்டு சரியான கலர்ல இருக்கு அண்ணாச்சி. வண்டிதான் வெயில்ல நின்னு கலர் மாறிப் போச்சு. தப்பு வண்டி மேல.”

தப்பு வண்டி மேல் என்பது நிரூபணமான பிறகு வேறு வழியில்லை. கிட்டுக்குப் பொருத்தமாக வண்டி முழுவதையும் பெயின்ட் அடிக்க நாற்பத்தெட்டாயிரம். புதுப் பெயின்டுக்குக் கீழே சக்கரம் சின்னதாகத் தெரிந்தது. பெரிய சக்கரத்துக்கு முப்பத்திரண்டாயிரம். பெரிய சக்கரம் வந்ததும் வண்டி கொக்கு மாதிரி உயர்ந்து நின்றது. அதைத் தரையோடு தரையாக இறக்கப் பதினாலாயிரம்.

ஆக மொத்தம் ஒரு லட்சத்து முப்பத்தையாயிரம். வண்டி வாங்கிய விலையை விட ஐயாயிரம் குறைவுதான் என்று கோமதிசங்கர் மனதைத் தேற்றிக்கொண்டார். கல்யாணச் செலவு நோட்டில் ‘இதர செலவினம்’ என்ற தலைப்பில் அதை எழுதினார். அதற்கு ஈடாக சீர்வரிசைப் பட்டியலில் இருந்த வாஷிங்மெஷினையும் பீரோவையும் கோடு போட்டு அடித்தார்.

தேன்மொழி நோட்டைப் பார்த்தாள். “அப்பா, அங்கன துணி துவைக்கதுக்கு நான் ஸ்பாய்லரை எடுத்துட்டுப் போகவா?”

“ஏட்டி, உன் கவுரவத்துக்குத்தான் இதெல்லாம்.”

“என் கவுரவம் தரையிலருந்து நாலு அங்குலத்துல நிக்கி. பாத்துப் போங்க.”

கணக்கு டீச்சர் சொன்னது சரியாக இருந்தது. வண்டியின் அடிப்பாகத்துக்கும் தரைக்கும் நடுவே நாலு அங்குலம்தான். தெருமுனை வரை ராஜா மாதிரி வந்த வண்டி, முதல் மேட்டுக்கு முன்னால் நின்று விட்டது. ரிஸ்வான் இரண்டு பலகைகளைக் கொண்டு வந்து, மேட்டுக்கு முன்னும் பின்னும் சாய்த்துப் போட்டு, ஒவ்வொன்றாக ஏற்றி இறக்கினான். பத்து மேடு தாண்ட ஒன்றரை மணி நேரம் ஆனது. பதினொன்றாவது, அலுவலகத்தின் மரியாதையைக் காப்பாற்ற ஒன்பது அங்குலத்தில் நின்ற மேடு. அதில் பலகை முறிந்தது. முன் லிப்பு கர்ரென்று கிழிந்தது.

“நாலாயிரத்து ஐநூறு” என்றான் ரிஸ்வான், குனிந்து பார்த்தபடியே.

எப்படியோ அந்தப் பக்கம் இறங்கிய வண்டி, அதன்பின் ஒன்பது அங்குல மேட்டுக்கும் கிட்டங்கிச் சுவருக்கும் நடுவே, இருபத்திரண்டு அடி நீளத்தில் குடியேறியது. பேட்டரி இறங்கி விடக் கூடாது என்பதற்காக தினமும் சாயங்காலம் கோமதிசங்கர் குளித்து, திருநீறு பூசி, வண்டியில் ஏறி உட்கார்ந்து, பத்தடி முன்னால் போவார். பத்தடி பின்னால் வருவார். தெருவே நின்று பார்த்தது. பார்த்தவர்கள் சும்மா இருப்பார்களா? கார்த்திகை முடிவதற்குள் ஆறு வீட்டுக்காரர்கள் ரிஸ்வானிடம் போய் வந்து விட்டார்கள். அவரவர் வண்டி அவரவர் மேட்டுக்கும் அடுத்த வீட்டு மேட்டுக்கும் நடுவே நின்றது. ஆறு மணியானால் ஏழு வண்டிகளும் ஏழு கட்டத்துக்குள் முன்னும் பின்னும் அசைந்துகொண்டிருக்கும். எவரும் எங்கும் போகவில்லை. வெளியே போக ஆட்டோ பிடித்தார்கள்.

தை மாதம் நெருங்கியது. முகூர்த்தம் காலை ஒன்பதிலிருந்து பத்தரைக்குள். மண்டபம் மெயின் ரோட்டில், ஒன்றரைக் கிலோமீட்டர். மனைவி இசக்கிச்செல்விதான் முதலில் கேட்டாள்.

“வண்டி எப்படிங்க வெளிய போகும்?”

“போகும்.”

“பேசாம தெருமுக்குல ஒரு வாடகைக் கார நிப்பாட்டிருவோம். புள்ள நடந்து போய் ஏறிக்கிடட்டும்.”

“சம்பந்தி அவுக சொந்தக்காரங்க பூரா பேருக்கும் நம்ம வண்டி போட்டோவை அனுப்பியாச்சு. மொட்டை வண்டியில இறக்கினா என் மூஞ்சியை எங்க கொண்டு போய் வைக்கது?”

மேடுகளை இடித்து விடுவது என்று முடிவு செய்தார். தெருவில் கையெழுத்து வாங்கப் போனார். பெருமாள்சாமி ஆர்வமாகப் பேனாவை வாங்கினார். “ரொம்ப நல்ல காரியம். என் மேட்டை விட்டுட்டு மத்த பத்தையும் இடிங்க. நான் முழு சம்மதம்.” மற்றவர்களும் அதே சம்மதத்தைத்தான் கொடுத்தார்கள். கடைசியில் பார்த்தால் ஒவ்வொரு மேட்டை இடிக்கவும் பத்துப் பேரின் ஆதரவும் ஒருவரின் ஆட்சேபமும் இருந்தது. கோமதிசங்கரும் இடிப்பை முதல் வீட்டிலிருந்து தொடங்கலாம் என்றே எழுதியிருந்தார்.

ஆகவே முறைப்படி தன் அலுவலகத்துக்கே மனு எழுதினார். மனு தபாலில் போய், பதிவாகி, மறுநாள் அவர் மேசைக்கே வந்தது. அதை அவர் பிரித்துப் படித்து, ‘மனுதாரரின் கோரிக்கை நியாயமானதாகத் தெரிகிறது’ என்று குறிப்பு எழுதி, கண்காணிப்பாளர் முத்துமாரியம்மாளிடம் கொண்டு போனார். முத்துமாரியம்மாள் நல்ல அதிகாரி. ஒரு கோப்பையும் படிக்காமல் திருப்பி அனுப்ப மாட்டார். படித்துவிட்டுத் திருப்பி அனுப்புவார்.

“கோமதிசங்கர் சார், இந்தத் தெருவுல மேடு இருக்குன்னு யார் சொன்னா?”

“மனுதாரர் சொல்லுதாரு மேடம்.”

“மனுதாரர் யாரு?”

“நான்தான்.”

அவர் பதிவேட்டை எடுத்து, பக்கம் பக்கமாகப் புரட்டிக் காட்டினார். “இங்கன பாருங்க. உயர்வு எதுவும் காணப்படவில்லை. அடுத்த வருசம், காணப்படவில்லை. அதுக்கடுத்த வருசம். பதினோரு வருசமா காணலை. கையெழுத்து யாரோடது?”

“என்னோடதுதான் மேடம்.”

“அப்போ நான் எந்தக் கோமதிசங்கரை நம்பணும்? மனு குடுத்தவரையா, ஆய்வு செஞ்சவரையா?”

கோமதிசங்கர் யோசித்தார். “ஆய்வு செஞ்சவரு அரசு ஊழியரு மேடம்.”

“அதான். மனு குடுத்தவரு பொதுமக்கள்ல ஒருத்தரு. என்ன வேணா சொல்லுவாரு. இல்லாத மேட்டை இடிக்க எந்தத் தலைப்புல நிதி ஒதுக்கதுக்கு?”

“மேடம், பொண்ணு கல்யாணம். வண்டி வெளிய வரமாட்டேங்கு.”

முத்துமாரியம்மாளுக்கு இரக்கம் வந்தது. கண்ணாடியைக் கழற்றி வைத்தார். “ரெண்டு வழி இருக்கு. மேடு இருக்குன்னு எழுதிக் குடுங்க. பதினோரு வருசம் பொய் எழுதினதுக்கு மெமோ தாரேன். பென்சன் போவும். இல்லாட்டி, உங்க தெருவுக்கு வேகத்தடை வேணும்னு புதுசா ஒரு மனு குடுங்க. பதினொண்ணு போட்டுத் தாரோம். பதிவேட்டுல ஏறிரும். மூணு வருசம் கழிச்சு அகற்றச் சொல்லிக் கேக்கலாம்.”

“ஏற்கெனவே இருக்கிற மேட்டு மேலயா போடுவீங்க?”

“பதிவேட்டுப்படி அங்கன சமதளம்லா.”

கோமதிசங்கர் தன் மேசைக்குத் திரும்பினார். மனுவின் மேல் ‘மனுதாரர் கூறும் பொருள் புலத்தணிக்கையில் இல்லை, மனு நிராகரிக்கப்படுகிறது’ என்று எழுதி, நகலைத் தன் வீட்டு முகவரிக்கு அனுப்பினார். இரண்டு நாள் கழித்து அது வீட்டுக்கு வந்தபோது, படித்துவிட்டு, இந்த ஆபீஸ்காரன்களுக்கு மனசாட்சியே கிடையாது என்று இசக்கிச்செல்வியிடம் சொன்னார்.

கல்யாணத்தன்று காலை. தேன்மொழி பட்டுச்சேலையில் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தாள். வண்டி முழுக்கப் பூ. மணி ஏழரை. தெருமுனை டீக்கடையில், விசைத்தறியில் ராத்திரி ஷிப்ட் முடித்த ஆட்கள் கண் சிவந்து நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களில் மூத்தவன் தங்கப்பழம். கோமதிசங்கர் அவனிடம் போய் விஷயத்தைச் சொன்னார்.

தங்கப்பழம் தெருவுக்குள் வந்து வண்டியைப் பார்த்தான். மேடுகளைப் பார்த்தான். சப்பரம் தூக்கிப் பழகிய தோள் அவனுக்கு. “ரெண்டு நீளக் கம்பும் பதினாறு ஆளும் வேணும். மேட்டுக்கு ஆளுக்கு அம்பது ரூவா. அது போக இட்லி.”

“தூக்கும்போது பெயின்டுல கீறல் விழாம பாத்துக்கோப்பா.”

“எங்க தோள்ல விழுந்தா பரவால்லியா சார்?”

“அதுக்குத்தான் துண்டு போட்டிருக்கீங்கள்லா.”

ராத்திரி முழுக்க நின்றே வேலை பார்த்த பதினாறு பேரும் கம்பைக் கொடுத்துத் தூக்கினார்கள். ஒன்பது அங்குலத்தைத் தாண்டியது. வைத்தார்கள். இருபதடி தள்ளினார்கள். மறுபடி தூக்கினார்கள். மூன்றாவது மேட்டில் தேன்மொழி கதவைத் திறந்தாள்.

“நான் எறங்குதேன். அம்பத்தெட்டுக் கிலோ குறையும். பாவம், அந்த அண்ணன் கால் நடுங்குது.”

“ஏட்டி, நீ எறங்கிட்டா வண்டி எதுக்கு?”

“அதைத்தான் ரெண்டு மாசமா நானும் கேக்கேன்.”

தோழி அனுவின் ஸ்கூட்டரில் ஏறி, கொண்டை அவிழாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, ஆறு நிமிடத்தில் மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். வாசலில் சண்முகையா நின்றிருந்தார்.

“கார் எங்கம்மா?”

“வந்துகிட்டிருக்கு மாமா.”

“அப்போ பொண்ணு இன்னும் வரலை” என்று உள்ளே பார்த்து அறிவித்துவிட்டு, அவளை எதிரே இருந்த டயர் கடை நிழலில் நிற்கச் சொன்னார். முழு அலங்காரத்தில் மணப்பெண், டயர்களுக்கு நடுவே, இன்னும் வராதவளாக நின்றாள்.

இங்கே பதினொன்றாவது தூக்கு முடிந்து வண்டி மெயின் ரோட்டுக்கு வந்தபோது மணி ஒன்பதே முக்கால். இனி சக்கரம் உருளலாம். தங்கப்பழம் “எறக்குங்கலே” என்றான். ஆனால் அதற்குள் மெயின் ரோட்டில் கூட்டம் கூடி விட்டது. பஸ்ஸிலிருந்து தலையை நீட்டிப் பார்த்தார்கள். செல்போனைத் தூக்கிப் படம் எடுத்தார்கள். “சாமி சப்பரம் மாதிரில்லா வருது. யார் வீட்டு வண்டி?” என்று யாரோ கேட்டது கோமதிசங்கரின் காதில் விழுந்தது. இருபத்தெட்டு வருட சர்வீஸில் அவரைப் பற்றி ஒருவரும் அப்படிக் கேட்டதில்லை.

“எறக்க வேண்டாம். அப்படியே போகட்டும்” என்றார்.

“சார், ரோடு சமமா இருக்கு. வண்டி தானா ஓடும்.”

“ஓடுறது எல்லா வண்டியும் ஓடும்.”

தங்கப்பழம் மூச்சு வாங்கினான். “அப்போ ரேட்டு ரெட்டிப்பு சார். இது தேவையில்லாத தூக்கு.”

இசக்கிச்செல்வி மண்டபத்திலிருந்து வழியெல்லாம் போனில் மணி சொல்லிக்கொண்டே இருந்தாள். பத்து மணி. பத்தே கால். பாதி வழியில் ஒருவன் கால் மடங்கி உட்கார்ந்து விட்டான். வண்டி ஒரு பக்கம் சாய்ந்தது. ஸ்கர்ட்டு தரையைத் தொடப் போவதைப் பார்த்த கோமதிசங்கர், பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிப் போய்க் கம்பின் கீழே தன் தோளைக் கொடுத்தார். மகளின் முகூர்த்தத்துக்கு அவ்வளவு வேகமாக அவர் ஓடியதில்லை.

பத்து இருபத்துநாலுக்கு வண்டி மண்டப வாசலில் இறங்கியது. டயர் கடையிலிருந்து தேன்மொழி வந்து இடது கதவு வழியாக ஏறி, வலது கதவு வழியாக இறங்கினாள். “பொண்ணு வந்தாச்சு” என்றார் சண்முகையா. பத்து இருபத்தொன்பதுக்குத் தாலி ஏறியது.

பந்தியில் பாயசம் வந்ததும் சண்முகையா சம்பந்தியின் பக்கம் சாய்ந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“சம்பந்தி, எங்க தெருவு ரோடு ரொம்ப மட்டமா, வழவழன்னு கிடக்கு. வெக்கமா இருக்கு. ஆபீஸ்ல சொல்லி ஒரு ஏழெட்டு மேடு போட்டுத் தர முடியுமா? இளையவன் கல்யாணத்துக்கு நம்ம வண்டியையும் தூக்கித்தான் கொண்டு வரணும்.”

அந்த முகூர்த்த மாதத்தில் அதற்குப் பிறகு சங்கரன்கோவிலில் மணப்பெண் வண்டி எதுவும் சக்கரத்தில் ஓடி வந்ததாகத் தகவல் இல்லை. கரிவலம்வந்தநல்லூரிலிருந்து ஒரு வண்டியை அங்கிருந்தே தூக்கிக்கொண்டு வந்தார்கள். தங்கப்பழம் தறி வேலையை விட்டு, நாற்பது ஆட்களோடு தூக்கு செட்டு ஒன்று ஆரம்பித்தான். ஓடி வருகிற வண்டியைப் பார்த்தால் ஜனங்கள், பாவம், தூக்க ஆள் கிடைக்கவில்லை போல என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

பங்குனியில் வருடாந்தர ஆய்வு வந்தது. கோமதிசங்கர் தோளில் பிளாஸ்திரியோடு, பதிவேட்டை இடுக்கிக்கொண்டு, தன் தெருவில் நடந்தார். கடைசி மேட்டில் தங்கப்பழம் மொபெட்டோடு சிக்கி நின்றுகொண்டிருந்தான். தூக்கிச் சம்பாதித்த காசில் மொபெட்டுக்கு இரண்டு பக்கமும் ஸ்கர்ட்டு, பின்னால் ஸ்பாய்லர் எல்லாம் மாட்டியிருந்தான். அது மேட்டில் மாட்டிக்கொண்டு முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை.

“கலர் நல்லாருக்கே. என்ன ஆச்சு?” என்று கேட்டார் கோமதிசங்கர்.

“மொபெட்டு விலையை விட எரநூறு கம்மிதான் சார். ஒரு கை குடுங்க.”

இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, கீறல் விழாமல் தூக்கி, அந்தப் பக்கம் வைத்தார்கள். தங்கப்பழம் நன்றி சொல்லிவிட்டு, கிட்டங்கிச் சுவர் வரைக்கும் ஓட்டிப் போய்த் திரும்பி, மறுபடியும் மேட்டுக்கு முன்னால் வந்து நின்று அவரைப் பார்த்தான்.

“இருப்பா, இதை எழுதி முடிச்சிக்கிடுதேன்” என்றார் கோமதிசங்கர்.

எழுதுவதற்கு வாகாக ஓர் இடம் தேடினார். ஒன்பது அங்குல மேடு, உட்கார அளவெடுத்துச் செய்தது மாதிரி இருந்தது. அதன்மேல் சம்மணமிட்டு உட்கார்ந்து, பதிவேட்டை மடியில் விரித்து, பன்னிரண்டாம் வருடமாக எழுதினார்:

‘நேரில் ஆய்வு செய்யப்பட்டது. இத்தெருவில் உயர்வு எதுவும் காணப்படவில்லை.’